எரியாத துணி

சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஒரு தனி முகம் வேண்டும். கோமளவல்லிக்கு அந்த முகம் கிடையாது. இருந்தும் ஆடிப் பரணியன்று காலையில் சத்திரத்துத் தர்மகர்த்தா கோதண்டபாணியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். விடிந்தால் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில் நெசவுத் தெருக்காரர்கள் நடத்துகிற சத்திரத்தில் நாளைக்குப் பொழுது சாயும்வரை பந்தி ஓயாது. காவடி தூக்கி வருகிறவர்களுக்கு அங்கேதான் சோறு. அந்தச் சோறு மொத்தமும் ஒரே ஒரு துணி வழியாகத்தான் கஞ்சி வடிந்து வரும். அந்தத் துணியை இன்றைக்குள் அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அவள் வந்தது அதற்குத்தான்.

துணியைக் கொடுத்தவன் அவள் புருஷன் துளசிங்கம்.

திருத்தணி ஆந்திராவை விட்டு இந்தப் பக்கம் வந்த புதிதில் ரயில் பாதைக்கு அப்பால், ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்களே, அந்தக் கல்நார் மில் ஒன்று முளைத்தது. கல்லைப் பஞ்சாக்கி, பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்குகிற இடம். பாய்லர்களுக்கும் கொதிக்கிற குழாய்களுக்கும் சுற்றுகிற துணி அது. நெருப்பில் போட்டாலும் எரியாது. நெய்ய ஆள் வேண்டியிருந்தபோது மில்காரர்கள் ஊர் ஊராக அலையவில்லை, நேராக நெசவுத் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுத் தறியில் பாவு இல்லாமல் பாதி நாள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த துளசிங்கத்துக்கு மாதச் சம்பளம் என்றால் கசக்குமா என்ன. கூப்பிட்ட மறுநாளே போய்ச் சேர்ந்துகொண்டான்.

தறி மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையில் புது நூல் கோக்கும்போது, அதன் கண்ணில் வாயை வைத்து ஒரே உறிஞ்சில் நூலை வெளியே இழுப்பது நெசவாளிகளின் வழக்கம். பருத்தி நூலில் அப்பன் செய்ததைக் கல்நார் நூலில் இவன் செய்தான். நாளெல்லாம் செய்தான். மாவாக வாயில் ஒட்டுவதைத் துப்பிக்கொண்டே இருந்தால் வேலை எப்படி ஓடும்? வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தண்ணீரோடு விழுங்கிவிடு, வெல்லம் தூசியைக் கீழே இறக்கிவிடும் என்றார்கள் மில்லில். இறக்கியது என்னவோ உண்மைதான். எங்கே போய் இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுத் தறியில் இறங்குகிற முதல் துண்டு சாமிக்கு என்பது தெருவின் கட்டுப்பாடு. சில வருஷங்களுக்கு முன் மில்லில் துளசிங்கத்துக்கென்று ஒரு அகலத் தறி போட்டார்கள். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அதன் முதல் துண்டை அவன் வாங்கிக்கொண்டு வந்தான். முருகனுக்கு பாய்லர் துணியில் கோவணமா என்று தெருவே சிரித்தது. ஆனால் அந்த வருஷம்தான் சத்திரத்தில் அண்டா வாய்க்கு வேடு கட்டிக் கஞ்சி வடிக்கையில், கட்டியிருந்த பருத்தித் துணியில் தீப்பிடித்துச் சமையல்காரர் சுப்புரத்தினத்தின் இடது கை வெந்துபோயிருந்தது. எரியாத துணி என்றதும் அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வேடு கட்ட அதுதான். அழுக்கேறினால் சுப்புரத்தினம் துவைக்க மாட்டார். ஆடிப் பரணியன்று சனங்கள் பார்க்க அடுப்பில் தூக்கிப் போடுவார். அழுக்கெல்லாம் எரிந்து துணி மட்டும் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அதற்கு முருகன் துணி என்றே பேர் வந்துவிட்டது. ஆறிய பிறகு அதைத் தட்டில் உதறி, உதிர்கிற தூளைத் திருநீற்றில் கலந்து கொடுப்பார். வயிற்று நோவுக்கு ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் கைமேல் பலன் என்று அரக்கோணம்வரை பேச்சு.

துளசிங்கத்துக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்ததும் அவனும் அந்தத் தூளைத்தான் தின்றான். மூலம் என்று எல்லாரும் சொன்னார்கள். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தே கிடக்கிற தெருவில் மூலம் ஒரு பெரிய விஷயமா? கருணைக்கிழங்கு, துத்தி இலை, மோர், ஆடியில் வாங்கி மடித்து வைத்த முருகன் துணித் தூளில் கிருத்திகைக்குக் கிருத்திகை ஒரு சிட்டிகை. உடம்பு இளைத்தபோது, விரதம் இருக்கிற உடம்பு அப்படித்தான் ஒளியாக இருக்கும் என்று மெச்சினார்கள். ஒருநாள் சுருண்டு விழுந்த பிறகுதான் கோமளவல்லி அவனைச் சென்னைக்கு ரயிலேற்றினாள். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தைத்து மூடினார்கள். பெருங்குடலில் புற்று; ஈரல்வரை போய்விட்டது.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்குத் துளசிங்கம், "நெசவுங்க" என்றான். மில்லுக்குப் போய் இத்தனை வருஷமான பிறகும் அவனுக்கு வேறு பதில் வராது. கோமளவல்லிதான் எந்த நூல் என்று சொன்னாள். இளவயசு டாக்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, எப்படி நெய்வார், எப்படிக் கோப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், கல்நார்த் தூசி நுரையீரலுக்கு எமன் என்பது நிச்சயம், குடலுக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சந்தேகம் இருக்கிறது, ஆராய்ச்சி நடக்கிறது என்றார்.

"சோத்துல கலந்து போனா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியாதும்மா. தெரியாத ஒன்னை யாராவது சோத்துல போடுவாங்களா?"

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. அதைத்தான் இப்போது கோதண்டபாணியின் முன்னால் கொட்டினாள்.

கோதண்டபாணி கெட்டவர் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் முகம் துடைத்து, முழுக்கக் கேட்டார். கேட்ட பிறகு, "டாக்டர் உறுதியா சொன்னாரா?" என்றார்.

"உறுதியா சொல்லலீங்க."

"பாத்தியா. உறுதியா தெரியாத விஷயத்துக்கு நாளைக் கிருத்திகைய வெச்சுகினு நான் எப்டிம்மா கை வைக்கிறது? அது உன் பொருள் இல்ல, எம் பொருளும் இல்ல. குடுத்தவன் அவன் வாயால, என் காணிக்கையில குத்தம் கீது, திருப்பிக்கிறேன்னு சொல்லணும். அப்டித்தான் முறை."

"அவரு எழுந்து நிக்கவே முடியாம கீறாருங்க."

"நிக்க வேணாம். படுத்துகினே சொல்லட்டும். நான் வந்து கேட்டுக்கறேன்."

இதைவிட நியாயமாக ஒருத்தர் பேச முடியாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் துளசிங்கம் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அடுத்த வீட்டுக் கௌரியம்மாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளை அனுப்பிவிட்டுக் கோமளவல்லி கட்டிலோரம் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"கோதண்டபாணி வராரு. அந்தத் துணிய எடுத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அவன் திரும்பவே இல்லை. "அது மட்டும் வேணாம் கோமளா."

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சி."

"அப்புறம்?"

"அந்தத் துணி அங்க கெடக்கிற வரிக்கும்தான் எனக்கு மூச்சு. எடுத்தா போச்சு. அவர வர வேணாம்னு சொல்லிடு. அவ்ளோதான், விடு."

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சாகப்போகிற மனுஷன் மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும், தெரிந்தே கோபப்பட்டாள். ஊர் சனம் தின்கிற சோற்றில் அது இறங்கிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு மூச்சு முக்கியமா என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, ஐயோ, அந்த மூச்சு இருக்கட்டுமே என்றும் நினைத்தாள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள நெஞ்சில் இடம் போதவில்லை.

"பொழுதோட சத்திரத்துக்குப் போய் எனக்குத் தூள் எடுத்துகினு வா. வயிறு கொத்தி இழுக்குது" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

"ஆங்" என்றாள். எழுந்து பெட்டியைத் திறந்தாள். இப்போது கனகம்மாசத்திரத்தில் வாழ்கிற மகள் பாஞ்சாலிக்கு அவள் சின்னவளாக இருந்தபோது பாவாடை தைக்க எடுத்து, தைக்காமலே கிடந்த காடாத் துணி ஒன்று அடியில் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தன்னிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று அப்போதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

மலைக்குப் போகிற தெரு முழுக்க மஞ்சள் துணி. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவர் குரல்கூடக் கேட்கவில்லை. சத்திரத்துப் பின்கட்டில் தெருப்பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோமளவல்லியும் ஒரு அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே, கண்ணை அடுப்பின்மேல் வைத்திருந்தாள்.

சுப்புரத்தினம் அப்போதுதான் துணியை அடுப்பிலிருந்து கரண்டிக் காம்பால் தூக்கினார். மலைக்கோயில் சமையலில் வளர்ந்த ஐயர் குடும்பம். கூட்டத்தை எப்போது காக்க வைக்க வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. துணியை உயரத் தூக்கி எல்லாப் பக்கமும் காட்டினார். அரோகரா என்று கூட்டம் கத்தியது. ஆறவிட்டு, தட்டின்மேல் நாலு உதறு உதறினார். சன்னல் வழியாக வந்த வெயிலில் தூள் மிதந்து மெதுவாக இறங்குவதைக் கோமளவல்லி பார்த்தாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள், "இன்னா, பூசணி நாத்தம் அடிக்குதா?" என்று சிரித்தாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தட்டுக்கு முன்னால் வந்தாள். குழந்தைக்கு வயிறு சரியில்லையாம், குடித்த பாலையெல்லாம் கக்கிவிடுகிறதாம். சுப்புரத்தினம் ஒரு சிட்டிகை எடுத்தார். குழந்தை வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் அதன் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து பிடித்தாள். அவர் நாக்கில் வைத்துத் தடவினார். குழந்தை முகத்தைச் சுளித்து, எச்சிலைக் கூட்டி, விழுங்கியது.

கோமளவல்லி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். நேராகச் சுப்புரத்தினத்திடம் போனாள்.

"சாமி, துணிய நனைச்சுகினு வந்துடறேன். நீங்க தூளைக் குடுங்க, சனம் நிக்குது."

வேடு கட்டுகிற துணியை முதல் நாளே நனைத்து வைப்பது வழக்கம்தான். கொடுத்தவன் வீட்டுக்காரி கேட்கிறாள், வேறென்ன வேண்டும்? அவர் யோசிக்காமல் துணியைத் தூக்கி அவள் கையில் வைத்தார். வழியில் இரண்டு பேர் நிறுத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஒற்றி முடிக்கும்வரை அவள் நின்று கொடுத்தாள்.

கிணற்றடியில் யாரும் இல்லை. துணியை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். தண்ணீர் பால் போல வெளுத்தது. பிழியாமல் அப்படியே சுருட்டி, கிணற்றோரம் கிடந்த கோணித் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்தாள். காடாத் துணியை நனைத்துக் கைப்பிடிச் சுவர்மேல் விரித்தாள். வாளித் தண்ணீரைக் கொட்டப் போனவளுக்கு எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

"என்ன கோமளா இது?"

சுப்புரத்தினம் கதவுநிலையில் நின்றுகொண்டிருந்தார். காடாத் துணியையும் அவள் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் மறைக்கவில்லை. டாக்டர் கேட்டது, தான் சொன்னது, புருஷன் வயிற்றைத் திறந்து மூடியது எல்லாவற்றையும் சொன்னாள். உறுதியில்லை என்று டாக்டர் சொன்னதையும் விடாமல் சொன்னாள். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வாயில வந்தபடி பேசாதே. இத்தனை வருஷமா இதுல வடிச்ச சாதத்தை ஊரே சாப்பிட்டிருக்கு. நானும் சாப்பிட்டிருக்கேன். யாருக்கு என்ன ஆச்சு?"

"என் வீட்ல வந்து பாருங்க சாமி, ஒருத்தருக்கு இன்னா ஆச்சுன்னு."

"அவன் மில்லுல வேலை பாத்தவன். அது வேற. கொண்டா அதை."

"குடுக்க மாட்டேன்."

"ஆளைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. எல்லாரும் வரட்டும். இப்போ உங்களாண்ட சொன்னதை அப்டியே அவங்களாண்டயும் சொல்றேன். அந்தக் கொழந்தைக்கு நாக்குல தடவுனீங்களே, அதோட ஆத்தாகிட்டயும் சொல்றேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுவே அவரை உறைய வைத்தது. உள்ளே அரோகரா சத்தம். நாளைக்கு வரப்போகிற கூட்டம், தன் கை, தன் குடும்பத்தின் பேர், இத்தனை வருஷத்துச் சிட்டிகைகள் எல்லாம் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். முகத்தில் பக்தியைவிடக் கணக்குதான் அதிகம் தெரிந்தது. பழைய தழும்புள்ள இடது கையைத் தன்னையறியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"துணி நனைக்கும்போது இத்துக் கிழிஞ்சு போச்சுன்னு சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "பாவம் உன் தலையில. என் தலையில வேண்டாம்."

"என் தலையிலயே இருக்கட்டும். அந்தத் தட்டையும் குடுக்காதீங்க."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தட்டோடு திரும்பி வந்து, அதில் இருந்ததை அவள் முகத்தைப் பார்க்காமல் வாளித் தண்ணீரில் கவிழ்த்தார். இரண்டு பேருமாக வாளியைத் தூக்கிப் போய்க் கொல்லை மூலையில் எருக்குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினார்கள்.

எரிக்க முடியாத பொருளை வைத்துக்கொண்டு ஒரு பெண் எங்கே போவாள்? ஆற்றில் போட்டால் மாடு குடிக்கும். வயலில் போட்டால் ஏர் கிளறும். யாரும் தோண்டி விளையாடாத இடம் ஊருக்கு ஒன்றுதான் உண்டு. தாலி கட்டியவள் சுடுகாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, அதுவும் கட்டியவன் கட்டிலில் கிடக்கும்போது, பரணியும் கிருத்திகையும் கூடுகிற நாளில். கோமளவல்லி போனாள். அங்கே கிடந்த உடைந்த மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டி, ஈரக் கோணியோடு உள்ளே வைத்து மூடி மிதித்தாள். மிதிக்கும்போது தாலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முருகா, என்ன செய்வதென்றாலும் என்னைச் செய், அந்த மனுஷனைத் தொடாதே என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கொல்லையில் குளித்தாள். அடுப்பிலிருந்து சாம்பல் கொஞ்சம் எடுத்து, வீட்டுத் திருநீற்றில் கலந்து, காகிதத்தில் மடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அவன் மூச்சு விடுகிறானா என்று முதலில் பார்த்தாள். விட்டுக்கொண்டிருந்தான்.

"கொண்ணாந்தியா?"

"ஆங்."

அவன் வாயைத் திறந்தான். ஒரு சிட்டிகை வைத்தாள். அவன் நாக்கைப் புரட்டினான். பற்களை லேசாக உரசிப் பார்த்தான். இன்னொரு தரம் உரசினான்.

"இதுல அது இல்ல" என்றான்.

அவள் காகிதத்தை மடித்தாள்.

"பல்லுல நறநறங்கல. எத்தினி வருசம் வாயில வெச்சுகினு இருந்தவன் நானு. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"ஐயிரு குடுத்தாரா?"

"திருடினேன். அப்புறம் அவருக்கும் தெரிஞ்சிபோச்சி."

"எங்க போட்ட?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சுடுகாட்டுல பொதைச்சேன்."

துளசிங்கம் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், அழுவான் என்று எதிர்பார்த்தாள். தெருவில் ஒரு காவடி போயிற்று. பம்பைச் சத்தம் வீட்டைக் கடந்து, தேய்ந்து, அடங்கியது. அதுவரை அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணியும் ஆவல" என்றான் பிறகு. குரலில் ஆச்சரியம் இருந்தது.

"ஆவலங்க" என்றாள்.

"கோமளா, ஒண்ணு சொல்றேன். அடிக்காத."

"இன்னா?"

"சாமிக்கு நான் பாதிதான் குடுத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"முதல் துண்டு. ரெண்டா கிழிச்சேன். பாதிய மறைச்சு வெச்சுகினேன். வழவழன்னு அவ்ளோ நல்லா வந்திருந்துச்சி, மனசு வரல. சாமிய ஏமாத்துனேன், அதுக்குத்தான் வயித்துல வெச்சான்னு நெனச்சேன். குடுத்த பாதியையும் புடுங்கினா என்னை இன்னா பண்ணுவானோன்னு பயம்." மூச்சு வாங்கியது. எச்சிலை விழுங்கிக்கொண்டான். "டாக்டர் சொன்னதுதான் நெசம்னு அன்னிக்கே மனசுக்குத் தெரியும். அதைச் சொன்னா இதையும் சொல்லணுமே."

"அந்தப் பாதி எங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க கீது அது?"

"பாஞ்சாலி கல்யாணத்துக்குச் சீர்ப் பெட்டியில வெச்சேன். உங்கிட்ட சொல்லல. சுடாத துணி, அடுப்படிக்கு ஆவும்னேன். சித்திரையில கனகம்மாசத்திரம் போனப்போ பாத்தேன். பேரனுக்கு அதுலதான் கஞ்சி வடிகட்டி ஊத்துறா. நைனா குடுத்தது, பூ மாதிரி இறங்குதுன்னு சிரிக்கிறா."

கோமளவல்லி எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழுசாகப் பல்கூட வரவில்லை. கட்டிலில் கிடக்கிற மனுஷனை ஓங்கி ஒரு அறை அறையலாம் என்று கை துடித்தது. அவன் அதற்குத் தயாராக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அறையவில்லை. மன்னிக்கவும் இல்லை.

"இப்பவே போ" என்றான். "பொழுது சாஞ்சா அவ கஞ்சி வெப்பா."

கௌரியம்மாளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மருந்துப் புட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் தெருவில் இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் சனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பால்குடம், காவடி, தோளில் தூங்குகிற குழந்தைகள். ஒவ்வொரு பஸ்ஸும் படிக்கட்டு வரைக்கும் நிறைந்து வந்து கொட்டிவிட்டு, காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் ஏறியதில் டிரைவரையும் கண்டக்டரையும் தவிர யாரும் இல்லை.

"இன்னாம்மா, ஊரே மலைக்கு வருது, நீ மட்டும் இந்தப் பக்கம் போற?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கண்டக்டர்.

"கனகம்மாசத்திரம் ஒண்ணு குடுப்பா" என்றாள். "பேரனுக்குப் பசிக்கிற நேரம். வண்டிய எடுக்கச் சொல்லு."

எத்தனையோ இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. முதலில் இறங்குவதற்காகக் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.